ஏற்காட்டில் ஒரு நாள் நடக்க: முதலில் இறங்கும் பஸ்ஸை முடிவு செய்யுங்கள்

ஏற்காட்டில் ஒரு நாள் நடந்துவிட்டு வரலாம் என்று இருக்கிறோம், எப்படிப் போவது என்று யாராவது கேட்டால், நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, "எந்த பஸ்ஸுல இறங்குறீங்க?" என்பதுதான். காலையில் மலை ஏறுகிற பஸ் போனால் அடுத்த பஸ் வரும், பெரிதாக ஒன்றும் கெட்டுப்போகாது. சாயங்காலம் மலையிலிருந்து இறங்குகிற பஸ்ஸை விட்டால் மலைமேல் இருட்டில் நிற்க வேண்டும், வாடகை வண்டிக்காரர் சொல்வதுதான் விலை. அதனால் என் திட்டம் எப்போதும் சாயங்காலத்தில் தொடங்கிப் பின்னோக்கி வரும்.

நான் சேலம் லீ பஜாரில் ஒரு பருப்பு மண்டியில் கணக்கு எழுதுகிறேன். நாள் முழுக்க உட்கார்ந்த வேலை. கால் மரத்துப்போகும்போதெல்லாம் ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு மலைக்குக் கிளம்பிவிடுவேன். கூட வருகிறவர்கள் என் நாத்தனாரும் தங்கச்சி மகனும். நாத்தனாருக்கு முழங்கால் வலி. பையனுக்குக் கால் தரையில் பாவாது. இந்த இரண்டு பேரையும் ஒரே பாதையில் நடத்திக் கூட்டிவந்தால் போதும், மற்ற யாரையும் நடத்திவிடலாம். கீழே எழுதியிருப்பது எங்களைப் போன்ற சாதாரண ஆட்களுக்கு. கயிறு கட்டிப் பாறை ஏறுகிறவர்கள் வேறு ஆளைப் பார்க்கவும்.

கிழமையும் மாதமும்

செவ்வாய், புதன், வியாழன். இந்த மூன்றில் ஒன்று கிடைக்காவிட்டால் ஏற்காட்டில் அமைதியை எதிர்பார்த்துப் போகாதீர்கள். சனி, ஞாயிறுகளில் அடிவாரம் செக்போஸ்ட்டிலேயே கார்கள் வரிசை கட்டி நிற்கும். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் ஹாரன்தான். ஏரிக்கரையில் பஜ்ஜிக் கடைப் புகைக்கு நடுவே செல்ஃபி எடுக்கிறவர்களைச் சுற்றிக்கொண்டுதான் நடக்க வேண்டும். மே மாதம் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் நடக்கிற வாரத்தில் எந்தக் கிழமையும் தேறாது.

மாதம் என்று கேட்டால் ஜனவரிதான் என் கட்சி. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், செடிகொடி இன்னும் பச்சையாக இருக்கும், காலைக் குளிர் எலும்பில் இறங்கினாலும் பத்து மணிக்கு மேல் வெயில் இதமாக இருக்கும். தோட்டங்களில் காபிப் பழம் பறிக்கிற பருவம் அது. சாலையோரமாகவே சிவப்புச் சிவப்பாகப் பழம் தொங்கும். பறிக்கக் கை போகும், அடக்கிக்கொள்ளுங்கள். அது ஒருவருடைய வருஷ வருமானம்.

காபிப் பூவைப் பார்க்க வேண்டும் என்றால் மார்ச், ஏப்ரல். தேதி குறித்துப் போக முடியாது. கோடையின் முதல் நல்ல மழை பெய்து எட்டு, பத்து நாளில் தோட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் வெள்ளையாகப் பூக்கும். மூன்று நான்கு நாளில் வதங்கிவிடும். மல்லிகைக்குக் கிட்டத்தட்ட வரும் வாசனை. சேலத்தில் இருக்கிற நமக்கு இதில் ஒரு வசதி: மலைமேல் மழை என்று கேள்விப்பட்டதும் நாளை எண்ணிக்கொண்டு பஸ் ஏறிவிடலாம். ஆனால் அந்த மாதங்கள் காட்டுத்தீக் காலமும்கூட. வனத்துறைத் தடங்களை பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை மூடி வைப்பது வழக்கம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் தீயில் மாட்டி இறந்துபோனதை யாரும் மறந்திருக்க முடியாது. அந்த நாட்களில் தார்ச் சாலையை விட்டு இறங்காதீர்கள். காய்ந்த புல் இருக்கும் இடத்தில் தீப்பெட்டியே வெளியே வரக்கூடாது.

மழைக்காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து, வண்டிகளைக் குப்பனூர் வழியாகத் திருப்பிவிட்டார்கள். பெருமழைக்கு மறுநாள் மலை அழகாகத்தான் இருக்கும், ஆனால் அதைத் தாங்குகிற மண் ஊறிப்போயிருக்கும். ஒரு வாரம் கழித்துப் போங்கள்.

ஏன் பஸ்

சொந்த வண்டி இருக்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள், தெரியும். ஆனால் வண்டியில் போனால் நடை முடிந்ததும் வண்டி நிற்கிற இடத்துக்கே திரும்பி வந்தாக வேண்டும். கால் வலித்தாலும், மழை வந்தாலும், வேறு வழியாக இறங்கினால் நன்றாக இருக்குமே என்று தோன்றினாலும், வண்டி அங்கே நிற்கிறதே என்ற நினைப்பு இழுத்துக்கொண்டே இருக்கும். பஸ்ஸில் போனால் அந்தக் கவலை இல்லை. நாகலூர், கொட்டச்சேடு, வெள்ளக்கடை, மாரமங்கலம் என்று மலைக் கிராமங்களுக்கும் பஸ் உண்டு. ஒரு ஊரில் இறங்கி நடந்து இன்னொரு ஊரில் ஏறலாம். அந்தப் பஸ்கள் அடிக்கடி வராது என்பதால் நேரத்தை மட்டும் கண்டக்டரிடம் ஏறும்போதே கேட்டுவிட வேண்டும். "அண்ணா, சாயங்காலம் கடைசி வண்டி எத்தன மணிக்கு? அதுக்கு முந்துன வண்டி எத்தன மணிக்கு?" இரண்டையும் கேளுங்கள். கேட்டுவிட்டு முந்தின வண்டியைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசி வண்டி நமக்கு மாற்று வண்டி மட்டுமே, திட்டத்தில் அது வரக்கூடாது.

ஏறும்போது முன்பக்கமாக உட்காருங்கள். வாந்தி வருகிறவர்கள் வெறும் வயிற்றிலும் ஏறக்கூடாது, வயிறு முட்டவும் ஏறக்கூடாது. இரண்டு இட்லி கணக்கு. எலுமிச்சம்பழம் ஒன்று கையில் இருக்கட்டும். கோரிமேடு தாண்டி அடிவாரம் வந்து வளைவுகள் தொடங்கியதும் செல்போனை உள்ளே வைத்துவிட்டு வெளியே பாருங்கள். தலைச்சுற்றல் பாதி குறையும். கொஞ்சம் உயரம் ஏறியதும் கீழே சேலத்துக்கு வடக்கே வெள்ளை வெளேரென்று தோண்டிய நிலம் தெரியும். அது மேக்னசைட் சுரங்கம். வெள்ளைக்காரன் அந்தக் குன்றுகளுக்குச் சுண்ணக் குன்று என்றே பெயர் வைத்துவிட்டான், உண்மையில் அது சுண்ணாம்பே இல்லை. இரும்பு உருக்குகிற உலைக்குள் பதிக்கிற செங்கல்லுக்குப் போகிற கல்.

நேரக் கணக்கு

இனி பின்னோக்கி வருவோம். சாயங்காலம் நாலரை மணி வாக்கில் இறங்குகிற பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பர், ஜனவரியில் ஆறு மணிக்கே இருட்டுக் கட்டும், அதற்கு முன் அடிவாரம் வந்துவிடலாம். நாலரைக்குப் பஸ் என்றால் மூன்றரைக்கு ஏரிக்கரையில் இருக்க வேண்டும். டீ குடிக்க, கழிப்பறை போக, மிளகு வாங்க ஒரு மணி நேரம் சரியாக இருக்கும். மூன்றரைக்கு ஏரி என்றால் சேர்வராயன் கோயில் இருக்கிற மலை உச்சியை ஒரு மணி, மிஞ்சினால் ஒன்றேகாலுக்கு விட்டாக வேண்டும்.

எங்கள் வீட்டு விதி இது: பன்னிரண்டு மணிக்கு எங்கே இருக்கிறோமோ அங்கே சாப்பாடு, ஒன்றேகாலுக்கு எங்கே இருக்கிறோமோ அங்கிருந்து திரும்புதல். உச்சி நூறு அடியில் தெரிந்தாலும் திரும்புதல்தான். பையன் முனகுவான், முனகட்டும்.

நடை வேகத்தைக் கூட்டத்திலேயே மெதுவாக நடக்கிறவரை வைத்துத்தான் கணக்கிட வேண்டும். என் நாத்தனார் மேட்டில் மணிக்கு இரண்டரை கிலோமீட்டர் நடப்பார், நின்று பேசுகிற நேரமும் அதில் அடக்கம். அவரை முன்னால் விட்டு நாங்கள் பின்னால் நடப்போம். வேகமானவர் முன்னால் போனால் ஒரு வளைவுக்கு அப்பால் போய் நின்றுகொண்டு, மெதுவானவர் வந்து சேர்ந்ததும் மறுபடி கிளம்பிவிடுவார். ஓய்வு எடுக்க வேண்டியவருக்கு மட்டும் ஓய்வே கிடைக்காது.

பாதை: ஏரியிலிருந்து சேர்வராயன் கோயில்

முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது இந்த ஒன்றைத்தான். ஏரியிலிருந்து கோயில்வரை ஆறு, ஏழு கிலோமீட்டர். முழுவதும் சாலை, வழி தவறாது. கோயில் மேடு 1,620 மீட்டர் உயரத்துக்குக் கொஞ்சம் மேல். அத்தனை தூரத்தில் ஏற்றம் மெதுவாகத்தான் வரும். முழங்கால் வலிக்காரர்களுக்கும் தோது.

காலை ஏழரை மணிக்கெல்லாம் மேலே இருக்கிற மாதிரி சேலத்தில் பஸ் பிடியுங்கள். டவுனிலிருந்து மேலே போக ஒன்றேகால் மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். ஏரிக்கரையில் இறங்கினதும் கழிப்பறை வேலையை முடித்துக்கொள்ளுங்கள். பெண்கள் இதை இரண்டாம் முறையாகப் படிக்கவும். ஊரைத் தாண்டிவிட்டால் நம்பி நடக்கிற மாதிரி எதுவும் கிடையாது. "தண்ணி குடிக்காம இருந்துக்கலாம்" என்று என் நாத்தனார் ஆரம்பத்தில் செய்ததைச் செய்யாதீர்கள், பதினோரு மணிக்குத் தலைவலி பிடித்துக்கொள்ளும்.

எட்டு மணிக்கு ஒண்டிக்கடை என்கிற இடத்திலிருந்து கோயில் சாலையைப் பிடித்து நடையைத் தொடங்கலாம். முதல் அரைமணி நேரம் விடுதிகளும் வீடுகளும்தான், நாய்களும் உண்டு. அப்புறம் சில்வர் ஓக் மரங்கள் வந்துவிடும். நெடுநெடுவென்று வளர்ந்த அந்த மரத்தில் மிளகுக்கொடி படர்ந்திருக்கும், அதன் நிழலில் காபிச் செடி. ஒரே நிலத்தில் மூன்று விளைச்சல். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார், இங்கே விளைவதில் பெரும்பகுதி இன்றும் அரபிகாதான். சாலையோரப் பலா மரங்களை அண்ணாந்து பாருங்கள், கிளைக் கவட்டில் சதைப்பற்றான இலையோடு செடி ஒட்டிக்கொண்டிருந்தால் அது ஆர்க்கிட்டாக இருக்கலாம். மரத்தை உறிஞ்சி வாழும் புல்லுருவி அல்ல அது. காற்றில் வருகிற ஈரத்தையும் பட்டையில் தங்குகிற மழைநீரையும் வேரால் பிடித்துக்கொண்டு வாழும். பிய்த்துக்கொண்டு வந்து சேலத்து மொட்டைமாடியில் கட்டினால் ஏப்ரல் வெயிலில் கருகிவிடும், அனுபவப்பட்டவர்கள் நிறையப் பேர்.

அந்த வழியில்தான் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம் வருகிறது. 1963ல் தொடங்கியது. காலையில் நாம் தாண்டும்போது திறந்திருக்காது. வாசலில் யாராவது இருந்தால் எத்தனை மணிவரை உள்ளே விடுவார்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டு போங்கள், திரும்பும்போது பார்க்கலாம். உள்ளே பூச்சி தின்னும் குடுவைச் செடி இருக்கிறது. இலையின் நுனி நீண்டு, கீழே தொங்கி, மூடி போட்ட குடுவையாக மாறியிருக்கும். உள்விளிம்பு வழவழவென்று இருக்கும், அதில் உட்கார்ந்த எறும்பு சறுக்கி அடியிலுள்ள நீரில் விழும். மேகாலயா பக்கத்துச் செடி அது. ஏற்காட்டுக் குளிரில் வளர்கிறது. பையன் அதன் முன்னால் நின்றால் கையைப் பிடித்து இழுத்துத்தான் கூட்டிவர வேண்டும்.

கரடிக்குகைக்குப் பிரிகிற வழி வரும். நான் போவதில்லை. நேரம் தின்னும், தனியார் தோட்டத்துக்குள் இருக்கிறது. ராஜராஜேஸ்வரி கோயிலில் ஐந்து நிமிடம் நிற்கலாம்.

உச்சிக்குப் பக்கத்தில் காடு விலகி, புல் மூடிய பெரிய சமவெளி திறக்கும். காற்று ஆளைத் தள்ளும். இங்கே காலடியைக் கொஞ்சம் கவனியுங்கள். கீழே மலைப்பாதையில் பார்த்த பாறை கருநீலமாக, கெட்டியாக இருந்தது, அது சார்னகைட். உச்சியில் அதே பாறை லட்சக்கணக்கான வருஷம் மழையில் ஊறி, கரைவதெல்லாம் கரைந்துபோய், இரும்பும் அலுமினியமும் மிஞ்சிச் செம்மண்ணாக, துளைத்துளையான சிவப்புக் கல்லாக மாறிக் கிடக்கிறது. ஒரு கல்லை எடுத்துப் பார்த்தால் நெல்லிக்காய் அளவு உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டியது போலத் தெரியும், விரலில் காவி ஒட்டும். பாக்சைட் என்று சொல்வது இதைத்தான். மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இந்த மலையிலிருந்து வெட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். அங்கங்கே தெரிகிற பள்ளங்களின் கதை அது.

சேர்வராயன் கோயில் ஒரு குகை. குனிந்துதான் போக வேண்டும், உள்ளே சேர்வராயனும் காவேரி அம்மனும். இந்தக் குகை காவிரிவரைக்கும் போகிறது என்று சொல்வார்கள். மலையிலுள்ள மலையாளிப் பழங்குடியினருக்கு இவர்தான் குலசாமி போல. பெயர் மலையாளி என்றாலும் பேசுவது தமிழ்தான். மே மாதத் திருவிழாவுக்கு மலை முழுக்க இங்கே கூடிவிடும். செருப்பைக் கழற்றிவிட்டு, சத்தத்தைக் குறைத்துக்கொண்டு, ஃபோட்டோ எடுக்கலாமா என்று பூசாரியிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

இரண்டாம் முறை போகிறவர்கள் நாகலூர்ப் பக்கமோ, கொட்டச்சேட்டுப் பக்கமோ கிராமச் சாலைகளில் நடக்கலாம். சாலையில் ஒரு பாட்டி எதிரே வந்தால், "எங்க கண்ணு, நடந்தா போறீங்க? பஸ்ஸு வருமே" என்று பாவப்படுவார். நின்று பதில் சொல்லுங்கள். முன்னால் காட்டெருமை நிற்கிறதா, பாலத்தில் தண்ணீர் போகிறதா என்கிற செய்தி எந்த ஆப்பிலும் வராது, அவரிடம்தான் கிடைக்கும்.

கிளியூர் அருவிக்கு எப்போது போகலாம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர்தான் அங்கே விழுகிறது. ஏரி நிரம்பாத மாதத்தில் போனால் பாறையைத்தான் பார்த்துவிட்டு வரலாம். நிரம்பிய மாதத்தில் படியெல்லாம் பாசி, ஊர்க் கூட்டமும் அங்கேதான். நடைக்குப் போகிறவர்கள் விட்டுவிடலாம். பகோடா பாயின்ட்டும் லேடீஸ் சீட்டும் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோவில் போய்ப் பார்க்கிற இடங்கள்.

காட்டுக்குள் போக வேண்டும் என்றால்

சாலை போதாது, மரத்தடியில் ஒற்றையடிப் பாதையில் நடக்க வேண்டும் என்று தோன்றினால் ஒரே வழி வனத்துறை வழி. காப்புக்காடு என்று பலகை வைத்த இடத்தில் அனுமதி இல்லாமல் கால் வைப்பது 1882ஆம் வருஷத்துத் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். "யாரு பாக்கப் போறா" என்பவர்களோடு நான் நடப்பதில்லை. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு ட்ரெக் தமிழ்நாடு என்று ஒரு இணையதளம் தொடங்கி, மாநிலம் முழுக்க நாற்பது தடங்களைத் திறந்தது. சேலம் மாவட்டத்துக்கும் அதில் இடம் உண்டு, அடிவாரத்துக் கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து குண்டூருக்கு ஏறுகிற தடம் அப்படி ஒன்று. முன்பதிவு செய்து, பணம் கட்டி, அடையாள அட்டையோடு போனால் உள்ளூர் வழிகாட்டி கூட வருவார். இது சாலை நடை போல இல்லை, அடிவாரத்திலிருந்து செங்குத்தாக ஏற வேண்டும். மூச்சு வாங்கும். மாடிப்படி மூன்று தளம் நிற்காமல் ஏற முடிகிறதா என்று வீட்டில் பார்த்துக்கொண்டு பதிவு செய்யுங்கள்.

காபித் தோட்டங்கள் தனியார் நிலம். கேட் திறந்திருக்கிறது என்பதற்காக உள்ளே நுழையாதீர்கள். வாட்ச்மேனிடம், "அண்ணா, இந்த வழியா அந்தப் பக்கம் ரோட்டுக்குப் போலாமுங்களா?" என்று கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள். விடவில்லை என்றால் வந்த வழியே திரும்புங்கள். மருந்து அடித்திருப்பார்கள், அல்லது காட்டெருமை உள்ளே இருக்கும்.

பையில் என்ன

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், எவர்சில்வர் பாட்டிலில். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. உப்பு, சர்க்கரைக் கரைசலுக்கு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இரண்டு. குளிருகிறதே என்று தண்ணீர் குடிக்க மறந்துவிடுவோம், காற்று அதற்குள் உடம்பை உலர்த்திவிடும்.

சேலத்தில் வெயில் கொளுத்துகிறதே என்று மெல்லிய சட்டையோடு ஏறாதீர்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஏழு டிகிரி குறையும். சேலம் ஊர் 280 மீட்டரில் இருக்கிறது, ஏற்காடு அதற்கு மேல் ஆயிரம் மீட்டருக்கும் கூடுதல். ஏழு, எட்டு டிகிரி வித்தியாசத்தை எதிர்பார்க்கலாம், காற்றைக் கணக்கில் சேர்த்தால் இன்னும் அதிகம். ஒரு ஸ்வெட்டர், ஒரு மழைக்கோட்டு. குடை வேண்டாம், உச்சிக் காற்றில் மடங்கிக் கிழியும். கால் முழுக்க மூடுகிற பேன்ட், பழகிய ஷூ. புது ஷூவை மலையில் தொடங்கினால் மாலையில் குதிகால் கொப்புளத்தோடுதான் இறங்குவீர்கள். மழைக்காலம் என்றால் அட்டைக்கு ஒரு துணி முடிச்சில் உப்பு. டார்ச், வெயிலடித்தாலும். பேண்டேஜ் துணி. மாற்று சாக்ஸ் ஒன்று, உச்சியில் மாற்றிப் பாருங்கள், இறங்கும்போது அந்த அருமை தெரியும்.

சாப்பாடு மதியம்வரை ஊசிப் போகாததாக இருக்க வேண்டும், கையில் பிசுபிசுக்காததாக இருக்க வேண்டும். புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும்தான் எங்கள் வீட்டு வழக்கம். இலையில் கட்டி, துணியில் சுற்றி. பையனுக்குத் தட்டுவடை செட் இல்லாமல் பயணமே கிடையாது. கடையில் செட்டாகப் போட்டு வாங்காதீர்கள், ஏழாவது வளைவிலேயே சட்னி ஊறி நமுத்துவிடும். தட்டுவடை தனி டப்பா, துருவின கேரட், பீட்ரூட், வெங்காயம் தனி டப்பா, இரண்டு சட்னியும் தனித்தனி. மலைமேல் உட்கார்ந்து அடுக்கி, மேலே மொறுமொறுவென்று இருக்கும்போதே வாயில் போட வேண்டும். இதைக் கேட்டுவிட்டு அலட்டல் என்று சொன்னவர்கள் ஒருமுறை சாப்பிட்டபின் இரண்டாவது டப்பாவுக்குக் கை நீட்டியிருக்கிறார்கள்.

குரங்குகளுக்கு இதெல்லாம் நம்மைவிட நன்றாகத் தெரியும். பாலித்தீன் கவர் சரசரக்கிற சத்தம் கேட்டால் மரத்திலிருந்து இறங்கிவிடும். ஜிப்பைப் பல்லால் கவ்வி, ஒரு கையால் பையை அமுக்கி, மறு கையால் இழுக்கும்; பார்க்க நேர்த்தியாக இருக்கும், நம் பை என்றால்தான் கஷ்டம். காட்சி முனைகளில் சாப்பாட்டை வெளியே எடுக்காதீர்கள். எடுத்த குப்பையை, இலையும் எலுமிச்சைத் தோலும் உட்பட, கீழே கொண்டுவாருங்கள். இலை மக்கும்தானே என்பார்கள். மக்கும், அதற்கு முன் அந்த உப்பு ருசிக்குக் குரங்கும் மாடும் சாலைக்கு வந்து பழகிவிடும்.

மாடு, தேனீ, மூடுபனி

ஏற்காட்டுத் தோட்டங்களில் காட்டெருமை உண்டு. முழங்காலுக்குக் கீழே வெள்ளை சாக்ஸ் போட்டாற்போல் இருக்கும், அதை வைத்துத் தூரத்திலேயே அடையாளம் காணலாம். கூட்டமாக இருந்தால் பெரும்பாலும் தாமாக விலகும். தனியாக நிற்கிற கிழட்டுக் காளையைப் பார்த்தால்தான் கவனம். நின்றுவிடுங்கள். கத்த வேண்டாம், கல் எறிய வேண்டாம், ஃபோட்டோவுக்கு நெருங்கவே வேண்டாம். முகத்தை அதன் பக்கம் வைத்தபடியே மெதுவாகப் பின்வாங்கி, அது சாலையைக் கடக்கும்வரை காத்திருங்கள். அரைமணி நேரம் ஆகலாம். ஒன்றேகால் மணித் திட்டத்தில் இப்படிப்பட்ட அரைமணிக்கும் இடம் விட்டுத்தான் வைத்திருக்கிறோம்.

பாறை விளிம்புகளில் மலைத்தேனீ அடை தொங்கும். சென்ட் அடித்துக்கொண்டு வராதீர்கள், அடியில் புகை போடாதீர்கள். பாட்டுப் பெட்டியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். விடிகாலையில் ஓடைப் பக்கம் யாரோ சும்மா விசிலடித்துக்கொண்டு போவது போலக் கேட்டால் அது சீகாரப் பூங்குருவி. ஸ்பீக்கர் ஓடிக்கொண்டிருந்தால் அது கேட்காது.

மூடுபனி பிற்பகலில் பள்ளத்தாக்கிலிருந்து ஏறும். வெயில் பட்டுச் சூடான ஈரக்காற்று சரிவில் மேலேறி, குளிர்ந்து, அங்கேயே மேகமாகிவிடுகிறது. பத்து நிமிடத்தில் எதிரே வருகிற லாரி தெரியாது. அப்படியானால் சாலையின் வலது ஓரமாக, வரிசையாக, டார்ச்சை எரியவிட்டு நடங்கள். எதிர் வண்டி நம்மைப் பார்க்கட்டும். விளிம்புப் பாறைகளின் பக்கம் போகவே கூடாது. ஏப்ரல், மே மாதங்களில் இன்னொன்று, மதிய இடி. கோயில் சமவெளியில் நம்மைவிட உயரமாக எதுவும் கிடையாது. முதல் முழக்கம் கேட்டதும் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுங்கள். தனி மரத்தடியில் ஒதுங்காதீர்கள்.

கிளம்புகிற நாள் காலையில் வானிலை ஆப்பைப் பார்ப்பது இருக்கட்டும், அது சேலத்துக்கு ஒன்று சொல்லும், மலைக்கு வேறொன்று நடக்கும். மொட்டைமாடிக்குப் போய் வடக்கே மலையைப் பாருங்கள். உச்சிக்கோடு சுத்தமாகத் தெரிந்தால் கிளம்பலாம். மேகம் தலைப்பாகை கட்டியிருந்தால் மேலே நனையத் தயாராகப் போங்கள். மலையே தெரியவில்லை என்றால் லீவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மண்டிக்குப் போய்விடுவேன் நான்.

வீட்டில் ஒருவரிடம் எந்தப் பாதை, எந்த பஸ் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். பள்ளங்களில் சிக்னல் கிடைக்காது. விழுந்து அடிபட்டால், பாம்பு கடித்தால் 108. கடித்த இடத்தை வெட்டாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், ஆளை நடக்கவிடாதீர்கள்.

திரும்பும்போது

இறக்கத்தில்தான் முழங்கால் வலிக்கும். சின்னச் சின்ன எட்டாக வையுங்கள். நாத்தனார் ஒரு காபிக் குச்சியை ஊன்றிக்கொண்டு வருவார். தோட்டத்தில் கவாத்து செய்து சாலையோரம் போட்டிருப்பார்கள், கேட்டால் கொடுப்பார்கள்.

ஏரிக்கரைக்கு நேரத்தோடு வந்துவிட்டால், கால் தாங்குமென்றால், ஹோலி டிரினிட்டி சர்ச் கல்லறைத் தோட்டத்துக்கு ஒரு எட்டு போய்வரலாம். 1863ல் சென்னைக்குப் பக்கத்தில் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் நினைவுக்கல் அங்கே இருக்கிறது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் ஏற்காட்டில்தான் வீடு வைத்திருந்தார். இந்த நாட்டின் பாதியைக் கல் பொறுக்கியே நடந்து பார்த்த ஆள் கடைசியில் இங்கே குடியேறினார் என்பதில் சேலத்துக்காரிக்கு ஒரு சின்னப் பெருமை.

மிளகு வாங்கினால் கையில் எடுத்து அமுக்கிப் பாருங்கள், நொறுங்கினால் பதர். காபித்தூளைக் கண்ணெதிரே அரைத்துக் கொடுக்கிற கடையில் வாங்குங்கள், சிக்கரி எத்தனை பங்கு என்று கேட்டுவிட்டு. மிளகாய் பஜ்ஜி இரண்டுக்கு மேல் வேண்டாம், கீழே இருபது வளைவு பாக்கி இருக்கிறது. பஸ் ஸ்டாண்டுக்கு இருபது நிமிடம் முன்னதாகப் போய் முன் சீட்டில் துண்டு போட்டுவிடுங்கள். அஸ்தம்பட்டியில் இறங்குகிறவர்கள் கண்டக்டரிடம் ஏறும்போதே சொல்லிவிட வேண்டும், அந்நேரம் எல்லோரும் தூங்கிவிடுவோம்.